தொண்டைச் சுரம்

வண்ணார்பேட்டை இரும்புக் கடையில்
அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணம்
எட்டு வாங்கினோம், கைப்பிடி இல்லாமல்.
"எட்டு வீட்லயும் ஒரே நாள்ல அடைப்பா வே?"
கடைக்காரர் சிரிக்கவில்லை.
நாலு டிரம்பெட், நாலு டிராம்போன்.
வாயைப் பொத்தினால்தான் அவை பேசும் என்று
ஹெப்சிபா எழுதியிருந்தாள்.

பகலில் அவளுக்கு மின்வாரியம்.
இரவில் பதினேழு பேருக்குத் தனித்தனித் தாள்,
எல்லாம் பென்சிலில்.
அழித்து அழித்து மெலிந்த இடங்களில்
விளக்கு வெளிச்சம் மறுபக்கம் வரும்.

நான் கிளாரினெட்.
கல்யாணத்துக்கும் சாவுக்கும்
ஒரே சிவப்புக் கோட்டு.
ஜாஸ் எனக்குக் கிடைத்தது
கப்பலில் சமையலுக்குப் போன மச்சான்
தூத்துக்குடியில் இறக்கிய ஒலிநாடாக்களில்.
பாதி உப்பில் கெட்டிருந்தது.
கெட்ட பாதியை நானாக வாசித்துக்கொண்டேன்.

ஆல்பத்துக்கு ஆறு பாட்டு.
தச்சநல்லூர் அரிசி ஆலைக் கிட்டங்கி, ஆறு இரவு வாடகை.
சுவர் திருப்பிப் பேசுகிறது என்று
நெல் மூட்டைகளை ஆளுயரம் அடுக்கினோம்.
உமித்தூசியில் மைதீன் பிச்சை
ஒவ்வொரு டேக்குக்கும் ஒரு தும்மலை
மூக்கிலேயே நிறுத்தி வைத்திருந்தார்.

நாலாவது பாட்டின் தாளைப் பார்த்ததும்
எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கிளாரினெட்டின் கழுத்தில் ஒரு சுரம் உண்டு.
கீழ்க்கட்டு முடிந்து மேல்கட்டு தொடங்குமுன்,
துளையெல்லாம் திறந்து கிடக்க,
காற்றுக்குப் பிடிமானம் இல்லாத இடம்.
சளி பிடித்த பிள்ளை கூப்பிடுகிற மாதிரி இருக்கும்.
இருபத்திரண்டு வருசம்
மழைநாளில் சமாதானபுரத்துக் குழியைத் தாண்டுவதுபோல்
கால் நனையாமல் தாண்டியிருக்கிறேன்.
அதன் நடுவில் என்னை நிறுத்தியிருந்தாள்,
பதினாறு எண்ணிக்கை,
கூட யாரும் இல்லாமல்.

"வேணும்னே செஞ்சியளா?"
"ஆமா."
"ஆள அசிங்கப்படுத்தவா?"
"பாட்டப்பத்துல ஒரு சாவு வீட்ல
இந்த எடத்துல தடுக்குனிய.
அழுதுக்கிட்டிருந்தவ நிமிந்து பாத்தா."

அந்தப் பார்வையை நானும் பார்த்தவன்தான்.
பிழையைக் கண்டுபிடித்துவிட்டாள் என்றே
இதுநாள்வரை நினைத்திருந்தேன்.
இரண்டு இரவு நான் போகவில்லை.
வாடகை ஓடியது.

மூன்றாம் இரவு போனேன்.
யாரும் எதுவும் கேட்கவில்லை,
மாசானமுத்து மட்டும் நாற்காலியை
கொஞ்சம் நகர்த்திப் போட்டான்.
முதல் டேக் டிராம்போனில் போனது.
இரண்டாவது பாதியில் மின்சாரம் போனது.
இருட்டில் எல்லோரும் ஹெப்சிபா பக்கம் திரும்பினோம்.
"நான் பில்லு செக்சன்" என்றாள்.

விளக்கு வந்தபோது மணி இரண்டு.
எண்ணத் தொடங்கினாள்.
நாலில் நின்றேன். ஆறில்
தாழையூத்து சிமெண்டு கூட்ஸ் கிட்டங்கிக்குப் பின்னால்
பெட்டி பெட்டியாகப் போனது.
நிறுத்துவாள் என்று பார்த்தேன்,
கை இறங்கவில்லை.
ஒன்பதில் சுரம் விரிசல் விட்டது.
விரல் பழக்கத்தில் மேலே ஓடப் பார்த்தது,
விடவில்லை நான்.
விரிசலோடேயே ஊதிக்கொண்டிருந்தேன்,
பத்து, பதினொன்று, பன்னிரண்டு,
அதற்குமேல் எண்ணிக்கை என்னிடம் இல்லை.

பிறகு எட்டு ரப்பர்க் கிண்ணத்துக்குள்ளிருந்து
பித்தளை உம் கொட்டியது.
மேலே சொல்லு என்பதுபோல,
மெதுவாக,
மாசானமுத்து மட்டும் ஒரு எண்ணிக்கை முந்தி.

அட்டையில் யார் பெயர் முதலில் என்று
பதினைந்து நாள் பேசாமல் இருந்தோம்.
அது வேறு கதை.
அச்சடித்தவன் அகர வரிசை பார்த்து
ஆசீர் பொன்னையா என்று முதலில் போட்டுவிட்டான்.
அவள் இன்னும் அவனுக்குப் பாக்கி கொடுக்கவில்லை.

கிட்டங்கிக்காரர் நாலாவது பாட்டை
தராசின்மேல் உட்கார்ந்து கேட்டார்.
"இந்த எடத்துல என்னமோ
பெல்ட்டு வழுக்குத மாதிரி இருக்கே."
"ஆமா அண்ணாச்சி" என்றாள் ஹெப்சிபா,
வாடகையை எண்ணிக்கொண்டே.
"அதப் புடிக்கத்தான் இத்தன பேரு."